குசினியில் கூடிய சபை
சூசன்னா வெஸ்லி அம்மையாரின் வாழ்க்கை (1669–1742)



மெதடிஸ்த திருச்சபை என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் ஜோன் வெஸ்லி ஐயர். அவர் குதிரையில் ஊர் ஊராகச் சென்று வயல்வெளிகளிலும் சந்தைகளிலும் பிரசங்கித்த கதையை ஞாயிறு பாடசாலையிலேயே கேட்டிருக்கிறோம். அவருடைய தம்பி சாள்ஸ் வெஸ்லி எழுதிய பாடல்களை இன்றும் பாடுகிறோம். ஜோன் வெஸ்லி திறந்த வெளியில் பிரசங்கிக்கத் தொடங்கியது 1739ஆம் ஆண்டில். அதற்கு 27 ஆண்டுகளுக்கு முன்னரே, அவர் பிறந்த சிற்றூரில், குருமனையின் குசினியில் இருநூறுக்கு மேற்பட்டோர் கூடி ஜெபித்தார்கள். அந்தக் கூட்டத்தை நடத்தியவர் குருவானவர் அல்லர். அவருடைய மனைவி சூசன்னா அம்மையார். இந்த மலரில் அவருடைய கதையைத்தான் சொல்லப்போகிறேன். அந்தக் கதைக்குள் நம்முடைய தமிழ் மண்ணும் வருகிறது. அது எப்படி என்று பிள்ளைகள் கவனித்து வாசிக்க வேண்டும்.

பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை

சூசன்னா 1669ஆம் ஆண்டு ஜனவரி 20ஆந் திகதி இலண்டனில் பிறந்தார். தகப்பனார் கலாநிதி சாமுவேல் அனஸ்லி, பெயர்பெற்ற போதகர். 1662இல் இங்கிலாந்துத் திருச்சபையின் புதிய சட்டத்திற்கு மனச்சாட்சியின்படி இணங்க முடியாமல் பதவியை இழந்த குருமாரில் அவரும் ஒருவர். அவருடைய 25 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளைதான் சூசன்னா. பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத காலம் அது. ஆனால் அந்த வீட்டில் புத்தகங்கள் இருந்தன, பேச்சு இருந்தது, வந்து போகும் அறிஞர்கள் இருந்தார்கள். சிறுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதின்மூன்று வயதை நெருங்கும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இரு பக்க நியாயங்களையும் தானே ஆராய்ந்து பார்த்து, தகப்பன் விட்டு வந்த இங்கிலாந்துத் திருச்சபையிலேயே தான் சேர்வதாகச் சொன்னாள். அந்தச் சபையை விட்டதற்காகப் பதவியையும் வருமானத்தையும் இழந்தவர் அந்தத் தகப்பன். ஆனாலும் அவர் மகளைத் தள்ளிவிடவில்லை. தன் சாகும் காலத்தில் தன் கடிதங்களையும் எழுத்துகளையும் இந்தக் கடைசி மகளுக்கே விட்டுச் சென்றார். மனச்சாட்சிப்படி நடப்பது என்றால் என்ன என்பதை அவள் தகப்பனிடமே கற்றிருந்தாள்.

1688இல் சாமுவேல் வெஸ்லி என்ற இளைஞரை மணந்தார். அவரும் அதே போல எதிர்ச்சபைக் குடும்பத்தில் பிறந்து இங்கிலாந்துத் திருச்சபைக்கு வந்தவர். கவிதை எழுதுபவர், நன்கு படித்தவர், பணத்தைக் கையாளத் தெரியாதவர். லிங்கன்ஷயரில் ஒரு சிறிய கிராமத்தில் சில ஆண்டுகள் இருந்தபின், 1690களின் பிற்பகுதியில் எப்வர்த் என்ற சிற்றூரின் குருவாக அவர் நியமிக்கப்பட்டார்.

சேற்று நிலத்தில் ஒரு குருமனை

எப்வர்த் இருக்கும் பகுதிக்கு அக்ஸ்ஹோம் தீவு என்று பெயர். கடலில் உள்ள தீவு அல்ல. ஆறுகளும் சதுப்பு நிலமும் சுற்றியிருந்ததால் வந்த பெயர். 1620களில் அரசனின் ஆணையோடு ஒல்லாந்துப் பொறியியலாளர் ஒருவர் வந்து அந்தச் சதுப்பு நிலத்தை வடியச் செய்தார். மீன் பிடித்தும் பறவை பிடித்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்த மக்கள் தங்கள் பொது நிலத்தின் பெரும் பகுதியை இழந்தார்கள். அந்தக் கோபம் தலைமுறை தலைமுறையாக ஆறவில்லை. வெளியூரிலிருந்து வந்து, மேலிடத்தின் பக்கம் நின்று, கண்டிப்பாகப் பேசும் ஒரு குருவை அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அந்த வீட்டில் சூசன்னா பிள்ளைகளைப் பெற்றார், வளர்த்தார், புதைத்தார். மொத்தம் 19 பிள்ளைகள். அவர்களில் 9 பேர் குழந்தைகளாகவே இறந்தார்கள். பெரியவர்களாக வளர்ந்தவர்கள் 10 பேர்: மூன்று ஆண்கள், ஏழு பெண்கள். நான் தாதியாக வேலை செய்பவள். ஒரு குழந்தை இறந்தால் அந்தத் தாய்க்கு எத்தனை பேர் துணை நிற்க வேண்டும் என்பதை அறிவேன். இந்தத் தாய்க்கு ஒன்பது முறை அந்தத் துக்கம் வந்தது. ஒவ்வொரு முறையும் அடுத்த நாள் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது.

1705ஆம் ஆண்டு நடந்தது மிகக் கொடுமையானது. அந்த ஆண்டுத் தேர்தலில் குருவானவர் ஊராரின் விருப்பத்திற்கு மாறான பக்கம் நின்றார். இரவு முழுவதும் ஒரு கூட்டம் குருமனை ஜன்னலுக்குக் கீழே நின்று மேளமடித்து, கத்தி, துப்பாக்கியால் சுட்டது. உள்ளே சூசன்னா பிள்ளை பெற்று மூன்று கிழமைகூட ஆகாத நிலையில் படுத்திருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள எடுத்துச் சென்றிருந்த பெண், சத்தத்தால் நள்ளிரவு தாண்டும்வரை தூங்க முடியாமல் இருந்து, பிறகு அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள். அவள் உடலின் கீழ் அகப்பட்டுக் குழந்தை மூச்சுத் திணறி இறந்துபோயிற்று. குளிர்ந்துபோன குழந்தையைக் கொண்டுவந்து தாயின் கைகளில் கொடுத்தார்கள். இரவு வேலை செய்து களைத்தவர்கள் நம் சபையிலும் பலர் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் நிலையை எண்ணும்போது எனக்கு அவள்மேல் இரக்கமே வருகிறது. அந்தச் சாவுக்கு வெளியே நின்று மேளமடித்தவர்களும் பொறுப்பாளிகள்.

அதோடு முடியவில்லை. தேர்தலில் வென்ற பக்கத்தைச் சேர்ந்த ஒருவருக்கு குருவானவர் கொடுக்க வேண்டியிருந்த கடன் 30 பவுணுக்கும் குறைவு. அதை உடனே கட்டு என்றார்கள். கட்ட முடியாததால் அவரை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். வீட்டில் பிள்ளைகளுக்குப் பால் தந்த பசுக்களை இரவில் யாரோ குத்திக் காயப்படுத்தினார்கள். சூசன்னாவிடம் பணமாக ஒன்றும் இருக்கவில்லை. தன் மோதிரங்களைக் கழற்றி, விற்றுச் செலவழிக்கும்படி சிறைக்கு அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். யோர்க் அதிமேற்றிராணியார் அவர்களுக்கு உதவி செய்தார். அவர் சூசன்னாவிடம், எப்போதாவது அப்பம் இல்லாமல் இருந்ததுண்டா என்று விசாரித்தார். ஒருபோதும் அப்பம் இல்லாமல் போகவில்லை, ஆனால் அதைத் தேடுவதிலும், சாப்பிட்ட பின் அதற்குப் பணம் கட்டுவதிலும் பட்ட பாட்டில் அதன் ருசி போய்விட்டது என்ற பொருளில் சூசன்னா பதில் சொன்னார். கடன் அட்டையோடும் வீட்டுக் கடனோடும் போராடும் நமக்கு இந்தப் பதில் நன்றாக விளங்கும்.

ஓர் ஆமெனுக்காக வந்த சண்டை

சூசன்னா அம்மையாரும் அவர் கணவரும் எப்போதும் ஒரே கருத்தோடு வாழ்ந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1702இன் தொடக்கத்தில் ஒரு நாள் குடும்ப ஜெபத்தில் கணவர் அரசன் வில்லியமுக்காக ஜெபித்தார். சூசன்னா ஆமென் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டபோது, வில்லியம் முறையான அரசன் என்று தன் மனம் ஏற்கவில்லை என்றார். கணவருக்குக் கோபம் வந்தது. இரண்டு அரசர் இருந்தால் இரண்டு படுக்கையும் இருக்கட்டும் என்ற விதமாகப் பேசிவிட்டு இலண்டனுக்குப் போய்விட்டார். சில மாதங்கள் அப்படியே கழிந்தன. அதற்குள் வில்லியம் இறந்து, இருவரும் ஏற்றுக்கொண்ட ஆன் அரசியானார். வீட்டில் ஏற்பட்ட ஒரு தீ விபத்துக்குப் பிறகு இருவரும் மீண்டும் ஒன்றாக வாழ்ந்தார்கள். அதன் பின் பிறந்த பிள்ளைதான் 1703ஆம் ஆண்டு ஜூன் 17இல் பிறந்த ஜோன் வெஸ்லி!

தீயிலிருந்து எடுத்த பிள்ளை

1709ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதி இரவு குருமனை மறுபடியும் தீப்பிடித்தது. இம்முறை முழுவதும் எரிந்துபோயிற்று. ஓலைக் கூரையும் மரச் சுவரும் கொண்ட வீடு அது. சூசன்னா அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அடுத்த மாதமே பேறு காலம். வேறு வழியில்லாமல் தீக்குள்ளேயே நடந்து வெளியே வந்தார். முகமும் கால்களும் சுட்டுப்போயின. பிள்ளைகளை எண்ணிப் பார்த்தபோது ஐந்து வயது ஜோனைக் காணவில்லை. தகப்பன் உள்ளே போக முயன்றார், படிக்கட்டு எரிந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் முழந்தாளிட்டு மகனின் ஆத்துமாவைக் கடவுளிடம் ஒப்புக்கொடுத்தார். அந்த நேரம் பிள்ளை ஒரு பெட்டியின்மேல் ஏறி ஜன்னலருகே நிற்பதை ஊரார் கண்டார்கள். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒரு மனிதர் சுவரோடு சாய்ந்து நிற்க, இன்னொருவர் அவர் தோளில் ஏறிப் பிள்ளையை இழுத்தெடுத்தார். அடுத்த கணம் கூரை உள்ளே விழுந்தது.

பிள்ளைகளே, ஜோனைக் காப்பாற்றிய அந்த இரண்டு மனிதரும் அந்த ஊரவர்களே. குருவை வெறுத்த ஊரில் இருந்துதான் அந்தக் கைகள் நீண்டன என்பதை மறக்கக் கூடாது.

வீடு மீண்டும் செங்கல்லால் கட்டப்பட்டது. அது இன்றும் எப்வர்த்தில் இருக்கிறது, நூதனசாலையாக. வீடு கட்டி முடியும்வரை பிள்ளைகள் வேறு வேறு வீடுகளில் வளர்ந்தார்கள். திரும்பி வந்தபோது பேச்சும் பழக்கமும் மாறியிருந்தன. சூசன்னா மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

தாயின் பாடசாலை

அவர் வீட்டிலேயே பாடசாலை நடத்தினார். காலை 9 மணி முதல் 12 மணி வரை, பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை. ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்த மறுநாள் அதற்கென்றே ஒதுக்கப்படும். அந்த ஒரே நாளில் எழுத்துகள் முழுவதையும் படிக்க வேண்டும். மொலிக்கும் நான்சிக்கும் மாத்திரம் ஒன்றரை நாள் எடுத்தது. எழுத்துப் படித்தவுடன் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும்.

அவருடைய கண்டிப்பு கடுமையானது. ஒரு வயதுப் பிள்ளைகூடப் பிரம்புக்குப் பயந்து மெதுவாக அழப் பழக வேண்டும் என்று எண்ணினார். இதை இன்று நாம் பின்பற்ற மாட்டோம், பின்பற்றவும் கூடாது. ஆனால் அவருடைய வீட்டுச் சட்டங்களில் வேறு சிலவும் இருந்தன. பிழையைத் தானே ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு அடி இல்லை. ஒரு பிழைக்கு ஒரு முறைதான் தண்டனை, பழையதைத் திரும்பக் கிளறக் கூடாது. நல்லது செய்ய முயன்று சரியாக வராவிட்டாலும் அந்த முயற்சியைப் பாராட்ட வேண்டும். கொடுத்த வாக்கை நிறைவேற்ற வேண்டும். ஒரு பெண் பிள்ளை நன்றாக வாசிக்கப் பழகும் வரை அவளைத் தையலுக்கோ வீட்டு வேலைக்கோ இருத்தக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டம் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தியது என்பதை நினைத்துப் பாருங்கள்.

தரங்கம்பாடியிலிருந்து வந்த புத்தகம்

இப்போது நம் தமிழ் மண் கதைக்குள் வருகிறது.

1706ஆம் ஆண்டு ஜூலை 9இல் சீகன்பால்க், புளுச்சாவ் என்ற இரண்டு இளம் ஜெர்மானிய மிஷனரிமார் டென்மார்க் அரசனால் அனுப்பப்பட்டுத் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். யாழ்ப்பாணத்திற்கு எதிரே, சோழமண்டலக் கரையிலுள்ள சிறிய துறைமுகம் அது. சீகன்பால்க் ஐயர் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் இருந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைப் பழகினார். பாடசாலைகளைத் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்கும் படிப்பித்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715க்குள் அச்சிட்டு முடித்தார். அவர்கள் தங்கள் வேலையைப் பற்றி ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் 1709இல் இலண்டனில் ஆங்கிலப் புத்தகமாக வெளிவந்தன.

அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று எப்வர்த் குருவின் வாசிப்பறைக்கு வந்து சேர்ந்தது. மூத்த மகள் எமிலியா அதைக் கண்டெடுத்துத் தாய்க்கு வாசித்துக் காட்டினாள். சூசன்னாவின் மனதை அது மிகவும் தொட்டது. பல நாட்கள் அவரால் வேறு எதையும் நினைக்கவோ பேசவோ முடியவில்லை. தான் ஆணும் அல்ல, குருவும் அல்ல. கப்பலேறித் தமிழரிடம் போக முடியாது. ஆனால் தன் கைக்கு எட்டிய ஆத்துமாக்களுக்கு இதைவிட அதிகம் செய்யலாமே என்று எண்ணினார்.

முதலில் தன் பிள்ளைகளிடம் தொடங்கினார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாக இருந்து பேசுவதென்று முறை வைத்தார். திங்கள் மொலி, செவ்வாய் ஹெற்றி, புதன் நான்சி, வியாழன் ஜோன், வெள்ளி பற்றி, சனி சாள்ஸ், ஞாயிறு எமிலியாவும் சுக்கியும். அந்த நேரத்தில் அடுப்பு வேலை இல்லை, கைவேலை இல்லை. அந்தப் பிள்ளையின் பயம், பாவம், ஆசை, கேள்வி எல்லாவற்றையும் கேட்பார். ஜோன் பெரியவராகி ஒக்ஸ்போர்ட்டில் ஆசிரியராக இருந்தபோதும், அந்த வியாழக்கிழமை மாலை நேரத்தில் சிறு பகுதியை இன்னும் தனக்குத் தரும்படி தாய்க்குக் கடிதம் எழுதினார்.

குசினியில் கூடியவர்கள்

1711ஆம் ஆண்டின் முடிவில் குருவானவர் திருச்சபைப் பேரவைக்காக இலண்டனுக்குச் சென்றார். சபையைப் பார்க்க இன்மன் என்ற உதவிக் குருவை விட்டுச் சென்றார். ஞாயிறு காலையில் மட்டுமே ஆராதனை நடந்தது. மீதி நாள் பிள்ளைகள் வெறுமனே இருப்பது தாய்க்குப் பிடிக்கவில்லை. ஞாயிறு மாலையில் பிள்ளைகளையும் வேலைக்காரரையும் குசினியில் இருத்தி, சங்கீதம் பாடி, ஜெபங்களை வாசித்து, கணவரின் நூல்களிலிருந்து ஒரு பிரசங்கத்தையும் வாசித்தார்.

வீட்டில் வேலை செய்த பையன் இதைத் தன் பெற்றோரிடம் சொன்னான். தாங்களும் வரலாமா என்று அவர்கள் கேட்டார்கள். அவர்கள் வந்தார்கள். பிறகு அயலவர் வந்தார்கள். முப்பது நாற்பது பேரானார்கள். தரங்கம்பாடிப் புத்தகத்தை வாசித்த பிறகு சூசன்னா இன்னும் ஊக்கத்தோடு, மிகச் சிறந்த பிரசங்கங்களைத் தேடி எடுத்து வாசித்தார், வந்தவர்களோடு மனந்திறந்து பேசினார். 1712 பெப்ரவரி தொடக்கத்தில் இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். நிற்க இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். மேளமடித்த ஊர், பசுவைக் குத்திய ஊர், இப்போது அதே வீட்டின் வாசலில் உள்ளே வர இடம் தேடி நின்றது.

உதவிக் குருவுக்கு இது பொறுக்கவில்லை. காலையில் ஆலயத்தில் தனக்கு முன் இருந்தவர்களைவிட மாலையில் குசினியில் இருந்தவர்கள் அதிகம். குருவானவருக்குப் புகார் எழுதினார். சட்டவிரோதக் கூட்டம் என்றார்.

கணவர் மனைவிக்கு எழுதினார். ஊர் என்ன சொல்லும், பெண் ஒருத்தி இப்படிச் செய்யலாமா, என் பதவிக்கு இது இழுக்கல்லவா என்பவையே அவரது கவலைகள். உனக்குப் பதிலாக வேறொருவரை வாசிக்க விடலாமே என்றும் கேட்டார். சூசன்னா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். தான் பெண்தான். ஆனால் ஒரு பெரிய குடும்பத்தின் தலைவியும் ஆவேன். கணவர் இல்லாத காலத்தில் அந்த ஆத்துமாக்கள் தன் பொறுப்பில் விடப்பட்ட தாலந்து. கணக்குக் கேட்கும் நாளில் என்ன சொல்வது? வேறொருவரை விடலாம் என்றால், வருகிற ஆண்களில் எழுத்துக்கூட்டாமல் ஒரு பிரசங்கத்தை வாசிக்கக்கூடியவர் யாருமில்லை.

இரண்டாவது முறையும் கணவர் எழுதியபோது சூசன்னா விபரங்களை அடுக்கினார். எதிர்ப்பவர்கள் மூன்று நான்கு பேர் மட்டுமே. முன்பு மாலை ஆராதனைக்கு இருபது இருபத்தைந்து பேர் வந்த இடத்தில் இப்போது இருநூறு முந்நூறு பேர். ஏழு ஆண்டுகளாக ஆலயத்தில் கால் வைக்காத ஒருவர் இப்போது வருகிறார். ஊராரோடு இருந்த பகை குறைந்திருக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்றைச் சொன்னார். நிறுத்த விரும்பினால், விரும்புகிறேன் என்று எழுத வேண்டாம். அது என் மனச்சாட்சிக்குப் போதாது. நிறுத்து என்று தெளிவான கட்டளையாக எழுதுங்கள். நியாயத்தீர்ப்பு நாளில் இந்த வாய்ப்பைக் கைவிட்ட குற்றம் என்மேல் வராதபடி அப்படி எழுதுங்கள்.

கணவர் அந்தக் கட்டளையை எழுதவில்லை. அவர் திரும்பி வரும்வரை கூட்டம் தொடர்ந்தது. அதே 1712இல் ஜோன் உட்பட ஐந்து பிள்ளைகளுக்குப் பெரியம்மை வந்தது. தடுப்பூசி இன்னும் கண்டுபிடிக்கப்படாத காலம். எட்டு வயது ஜோன் முறைப்பாடு இல்லாமல் அதைத் தாங்கினான் என்று தாய் கணவருக்கு எழுதினார். நோயாளிகளைப் பராமரிப்பதும் சபையை நடத்துவதும் அந்த ஆண்டில் ஒரே வீட்டில், ஒரே கைகளால் நடந்தன.

கல்லறைமேல் ஒரு பிரசங்கம்

1735 ஏப்ரலில் கணவர் காலமானார். குருமனை புதிய குருவுக்குரியது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேறி, சூசன்னா ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளையின் வீட்டுக்கு மாறி மாறி வாழ்ந்தார். மகள்மார் பலருடைய மணவாழ்க்கை துக்கமானது. அந்தத் துக்கங்களையும் தாய் சுமந்தார்.

கடைசி ஆண்டுகளை இலண்டனில் ஜோனோடு கழித்தார். பீரங்கி வார்க்கும் பட்டறையாக இருந்து, வெடி விபத்தில் பாழடைந்துபோன ஒரு கட்டடத்தை ஜோன் ஜெபவீடாக மாற்றியிருந்தார். அங்கேதான் தாய்க்கும் ஓர் அறை. அங்கே ஒரு நாள், ஜோன் வெளியூர் சென்றிருந்தபோது, குருப்பட்டம் பெறாத தோமஸ் மக்ஸ்பீல்ட் என்ற இளைஞர் பிரசங்கம் செய்துவிட்டார். செய்தி கேட்ட ஜோன் அதை நிறுத்த விரைந்து வந்தார். தாய் அவரைத் தடுத்தார். உன்னைப் போலவே அவனையும் கடவுள் அழைத்திருக்கிறார், முதலில் அவன் பிரசங்கத்தைக் கேள், பலனைப் பார், பிறகு தீர்மானி என்ற கருத்தில் பேசினார். ஜோன் கேட்டார், தன் எண்ணத்தை மாற்றினார். அன்றிலிருந்து சாதாரண சபையார் பிரசங்கிக்கும் வழக்கம் மெதடிஸ்தரிடையே வேரூன்றியது. பின்னாளில் சேரா குரொஸ்பி, மேரி பொசன்கே போன்ற பெண்களும் பிரசங்கிக்க ஜோன் இடம் கொடுத்தார். நம் சபைகளில் இன்று உபதேசியாரும், பெண்களும், இளைஞரும் பிரசங்க மேடையில் நிற்கிறார்கள். 1712இல் இன்மனுக்கு எதிராகப் பேசிய அதே தாய்தான் அவர்களுக்காகவும் பேசியிருக்கிறார்.

1742ஆம் ஆண்டு ஜூன் 6இல் ஜோன் எப்வர்த்துக்கு வந்தார். தகப்பன் பிரசங்கித்த ஆலயத்தில் மகனுக்குப் பிரசங்க மேடை மறுக்கப்பட்டது. அன்று மாலை 6 மணிக்கு அவர் ஆலய முற்றத்தில் தகப்பனின் கல்லறைக் கல்மேல் ஏறி நின்று பிரசங்கித்தார். அந்த ஊர் அதுவரை கண்டிராத கூட்டம் கூடியது. தொடர்ந்து பல மாலைகள் அங்கேயே பிரசங்கித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் குசினியில் நின்றவர்களில் உயிரோடிருந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

அந்த நாட்களில் நடந்த ஒரு வேடிக்கை. அயலூரில், கோபங்கொண்ட சிலர் ஒரு வண்டி நிறைய மெதடிஸ்தரை ஏற்றி நீதவானிடம் கொண்டுபோனார்கள். இவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்று நீதவான் கேட்டார். எல்லோரும் விழித்தார்கள். மற்றவர்களைவிடத் தங்களை நல்லவர்களாகக் காட்டுகிறார்கள், காலை முதல் இரவு வரை ஜெபிக்கிறார்கள் என்றார் ஒருவர். வேறென்ன என்றார் நீதவான். ஒரு கிழவர் முன்வந்து, இவர்கள் என் மனைவியை மனந்திருப்பிவிட்டார்கள், முன்பு அவள் வாயை அடக்க முடியாது, இப்போது ஆட்டுக்குட்டிபோல இருக்கிறாள் என்றார். அப்படியானால் இவர்களைத் திரும்பக் கொண்டுபோங்கள், ஊரிலுள்ள எல்லா வாயாடிகளையும் மனந்திருப்பட்டும் என்று நீதவான் தீர்த்துவிட்டார்.

அடுத்த மாதம், 1742 ஜூலை 23ஆந் திகதி, சூசன்னா அம்மையார் தன் 73ஆவது வயதில், பிள்ளைகள் சூழ்ந்திருக்க இறந்தார். தன் உயிர் பிரிந்தவுடன் அழாமல் கடவுளைத் துதித்து ஒரு சங்கீதம் பாடும்படி கேட்டிருந்தார். அவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். இலண்டனில் பன்ஹில் பீல்ட்ஸ் என்ற இடத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். நான்கு ஆண்டுகளின் பின், அவர் இறந்த அந்தப் பட்டறைக் கட்டடத்தில் ஜோன் ஏழைகளுக்கு இலவச மருந்து கொடுக்கும் மருந்தகத்தைத் தொடங்கினார்.

வட்டம் முழுமையானது

எப்வர்த்தில் மெதடிஸ்த சபை வளர்ந்தது. 1889இல் வெஸ்லி சகோதரரின் நினைவாக அங்கே ஓர் ஆலயம் கட்டினார்கள். ஆனால் அதற்கு வெகு முன்னரே அந்தச் சிற்றூரில் எழுந்த நெருப்பு கடல் கடந்துவிட்டது. 1813இன் இறுதியில் கலாநிதி தோமஸ் கோக் தன் முதிர்ந்த வயதில் இளம் மிஷனரிமாரோடு இலங்கைக்குக் கப்பலேறினார். 1814 மே 3ஆந் திகதி அவர் இந்து சமுத்திரத்தில் கப்பலிலேயே இறந்தார். அவரோடு வந்தவர்கள் ஜூன் 29இல் காலியில் இறங்கினார்கள். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச், தோமஸ் ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணத்திற்கு வந்தார்கள். 1817இல் லிஞ்ச் சென்னைக்கும் சென்றார். இப்படித்தான் தமிழர் நடுவே மெதடிஸ்த சபைகள் எழும்பின.

பிள்ளைகளே, இப்போது யோசித்துப் பாருங்கள். தரங்கம்பாடியில் தமிழ்ப் பிள்ளைகளோடு இருந்து எழுத்துப் பழகிய மனிதரின் கடிதம் இங்கிலாந்தின் ஒரு சேற்று ஊருக்குப் போய் ஒரு தாயின் மனதைக் கிளப்பியது. அந்தத் தாயின் குசினியில் இருந்த இரண்டு பிள்ளைகளால் ஓர் எழுப்புதல் தொடங்கியது. நூறு ஆண்டுகள் கழித்து அந்த எழுப்புதல் தரங்கம்பாடிக்கு எதிர்க்கரையில், நம் முன்னோரிடம் வந்து சேர்ந்தது. மிஷனரிமார் நமக்குத் தந்தார்கள் என்றே கேட்டு வளர்ந்திருக்கிறோம். நம் மண்ணிலிருந்தும் அவர்களுக்கு ஒன்று போயிருக்கிறது.

அந்நிய நாட்டில் நம் சபைகள் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீட்டு வரவேற்பறையில், சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு, தேநீர்க் கோப்பைகளோடு தொடங்கியவை. அந்த வீடுகளில் பாய் விரித்தவர்களும், ஜெபத்தை ஆரம்பித்தவர்களும், வேலை முடிந்து வந்து சோறு சமைத்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய பெயர்கள் கல்வெட்டுகளில் இல்லை. இந்த ஆண்டு நிறைவு நாளில் அவர்களை எழுந்து நிற்கச் சொல்லி நன்றி சொல்வோம்.

இன்னுமொன்று. நம் பிள்ளைகளில் பலர் தமிழ் வாசிக்க மாட்டார்கள், ஆலயத்தில் பின்வாங்கிலில் தொலைபேசியோடு இருக்கிறார்கள் என்று குறைப்படுகிறோம். பத்துப் பிள்ளைகளும் கடனும் உள்ள வீட்டில் ஒரு தாய் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிழமையில் ஒரு மாலையைக் கொடுத்தார். நமக்கு இரண்டு மூன்று பிள்ளைகள்தான். மாறி மாறி வரும் வேலை நேரங்களுக்குள், ஒரு பிள்ளைக்கு ஒரு மாலை அரை மணி நேரம், தொலைபேசிகளை வேறு அறையில் வைத்துவிட்டு, அது பேசுவதைக் கேட்போம். தமிழிலோ, அதற்கு வசதியான மொழியிலோ பேசட்டும். எந்தக் கிழமை யாருக்கு என்று இன்றிரவே எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.